எந்தச் சந்தைக்குப் பெட்டியைத் தூக்குவது?

பொங்கல் முடிந்த கையோடு கண்காட்சி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். கைப்பேசியில் ஒரு படம் வரும். மேலே பச்சை இலை, கீழே ஏர் மாடு, நடுவில் 'மாபெரும்' என்று கொட்டை எழுத்து. ஒரு லட்சம் பார்வையாளர்கள் வருவார்கள், சில ஸ்டால்களே பாக்கி, இன்றே முன்பணம் கட்டுங்கள். இதைப் பார்த்ததும் நம்ம ஆட்களுக்குக் கை பரபரக்கும். எண்ணெய் ஆட்டுகிறவர், கருப்பட்டி காய்ச்சுகிறவர், ஓலைப்பெட்டி முடைகிறவர், சோப்பு செய்கிறவர் என்று மாதத்துக்கு நாலு பேராவது எனக்குப் போன் போட்டு, "சார், இதுக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். வங்கியில் முப்பது வருசத்துக்கு மேல் அடுத்தவர் கணக்கைப் பார்த்தவன் என்பதால் என்னிடம் ஏதோ விடை இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் செய்து விற்கிற சிறு உழவருக்கும் மகளிர் குழுவுக்கும் இந்த 'மாபெரும்' கண்காட்சிகள் பெரும்பாலும் ஒத்துவராது. பக்கத்தில், சின்னதாக, மாதாமாதம் ஒரே இடத்தில் கூடுகிற சந்தைதான் ஒத்துவரும். இதற்கு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மைப் போன்ற இயக்கங்கள் நடத்துகிற சந்தைகளும் மெல்ல மெல்ல அந்த மாபெரும் பக்கமே சாய்கின்றன. இதை இப்போது பேசாமல் விட்டால் நாளைக்கு நம்ம வீட்டுப் பெண்களே நம்ம சந்தையில் கடை போட முடியாத நிலை வரும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டு ஓரம். பனைதான் பிழைப்பு. ஒன்பது பெண்கள் சேர்ந்து ஓலைப்பெட்டியும் கொட்டானும் முடைகிறார்கள். அவர்கள் கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. போன வருசம் சென்னைக் கண்காட்சி ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது குழுத் தலைவி கேட்டார்: "அண்ணாச்சி, மூணு நாளு. முந்நூறு நானூறு பெட்டி போயிரும்லா?"

"போயிரும்னு யாரும்மா சொன்னா?"

"படத்துல போட்ருக்கே, ஒரு லட்சம் பேருன்னு."

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதை இங்கே அப்படியே தருகிறேன். உங்கள் பொருளுக்கு எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

ஒரு பெட்டி விலை 200 ரூபாய். ஓலை, சாயம் 40. முடைகிற கூலி 90. ஆக அடக்கம் 130, மிச்சம் 70. இந்த 70 ரூபாயில்தான் கண்காட்சிச் செலவு எல்லாம் வெளியே வரவேண்டும். ஸ்டால் வாடகை மூன்று நாளைக்கு 12,000. சரக்கு ஏற்றிப் போகவர, இரண்டு பேர் பயணத்தோடு 6,000. தங்க 4,000. சாப்பாடு 2,000. மேசைத் துணி, காகிதப் பை, பெயர்ப்பலகை என்று 1,000. கூட்டினால் 25,000. கடையில் நிற்கிற இரண்டு பேருக்குப் பயண நாளும் சேர்த்து ஐந்து நாள் கூலி, ஆளுக்கு 500 வீதம் 5,000. இதை நம்ம ஆட்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "நாமதானே போறோம், நமக்கென்ன கூலி" என்பார்கள். அந்த ஐந்து நாளும் காட்டில் களை எடுக்க வேறு ஆளுக்குக் கொடுத்தது யார் பணம்? ஆக மொத்தம் 30,000.

30,000-ஐ 70-ஆல் வகுத்தால் 429 பெட்டி. இத்தனை விற்றால்தான் கைநட்டம் இல்லாமல் ஊர் திரும்பலாம். லாபம் 430-ஆவது பெட்டியில்தான் தொடங்கும். நாளைக்குப் பத்து மணி நேரம் கடை திறந்திருந்தாலும் நாலு நிமிசத்துக்கு ஒரு பெட்டி போகவேண்டும், மூன்று நாளும், இடைவிடாமல். சாப்பிட எழுந்திருக்கக்கூட முடியாது.

இதற்கு முன்னால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 429 பெட்டியை முடைய வேண்டும். வீட்டு வேலைக்கு நடுவில் ஒருவர் நாளைக்கு மூன்று முடைந்தால் அதிகம். ஒன்பது பேருக்கும் பதினாறு நாள் வேலை. குருத்தோலையை நினைத்த நேரத்தில் நினைத்த அளவு வெட்ட முடியாது, வெட்டினால் மரம் நொந்துபோகும். ஓலையும் கூலியுமாக 55,000 ரூபாய்க்கு மேல் பெட்டியாக அடுக்கிக் கிடக்கும். அதோடு வாடகை, பயணம் என்று 25,000. அதாவது நட்டமில்லாமல் திரும்புவதற்கே 80,000 ரூபாயை முன்கூட்டி இறக்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? குழுவின் உள்கடன். அல்லது வங்கிக் கடன். பெட்டி பாதி விற்று, பாதி திரும்பி வந்தால் அடுத்த மாதத் தவணையை எதிலிருந்து கட்டுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நூறுநாள் வேலைக் கூலியிலிருந்து கட்டுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தத் தவணைகளை வாங்கிப் போட்டவன் நான். மகளிர் குழுக்கள் தவணை தவறுவதில்லை என்று வங்கிக் கூட்டங்களில் பெருமையாகப் பேசுவோம். எதைக் குறைத்துக் கட்டினார்கள் என்று எங்கள் அறிக்கையில் எங்கும் ஒரு கட்டம் கிடையாது.

இதே கணக்கை மாதச் சந்தைக்குப் போட்டோம். பக்கத்து நகரம், ஒரு நாள். இட வாடகை 300, பேருந்தும் சுமைக்கூலியும் 400, சாப்பாடு 200. இரண்டு பேர் கூலி 1,000. ஆக 1,900. இருபத்தெட்டு பெட்டி விற்றால் போட்டது வந்துவிடும். ஒன்றுமே விற்காவிட்டாலும் கையை விட்டுப் போன ரொக்கம் 900. பெட்டிகள் அடுத்த மாதத்துக்கு இருக்கின்றன, ஓலைப்பெட்டி என்ன தக்காளியா அழுகுவதற்கு?

சென்னைக்குப் போகவில்லை.

"வெளிய போனாத்தானே சார் நாலு பேருக்குத் தெரியும்? விளம்பரம்னு ஒண்ணு இருக்கே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் விளம்பரம் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இங்கேதான் நம்ம ஆட்கள் குழம்புகிறார்கள் என்பது என் எண்ணம். நாம் கையால் செய்கிற பொருள்கள் இரண்டு சாதி. தீர்ந்துபோகிறது ஒன்று, தீராதது ஒன்று.

கருப்பட்டி, எண்ணெய், அவல், சோப்பு எல்லாம் தீர்ந்துபோகும். பிடித்துப்போனால் அடுத்த மாதம் அதே ஆள் அதே இடத்துக்கு உங்களைத் தேடி வருவார். நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி மூன்று நாள் கடை போட்டுக் கருப்பட்டியின் ருசியைக் காட்டிவிட்டு ஊர் திரும்பினால், அவர் அடுத்த மாதம் யாரிடம் வாங்குவார்? தெருமுனைக் கடையில் சீனி கலந்த கருப்பட்டியைத்தான். நாம் போட்ட விளம்பரம் அவனுக்கு. கூரியரில் அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம், ஒரு கிலோவுக்கு ஆகிற கூரியர் கூலியைக் கேட்டதும் பாதிப்பேர் "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிடுவார்கள். ஆகவே தீர்ந்துபோகிற பொருளுக்குப் பக்கத்துச் சந்தை, மாதாமாதம், அதே மரத்தடி. மாதம் ஒரு கிலோ கருப்பட்டி வாங்குகிற இருபது குடும்பம் அமைந்தால் வருசத்துக்கு 240 கிலோ போய்விடும். பனையேறுகிற ஒரு குடும்பத்துக்கு அது சின்ன ஆதரவு இல்லை.

பெட்டி, பாய், கூடை இவையெல்லாம் தீராத பொருள். நன்றாக முடைந்திருந்தால் பல வருசம் உழைக்கும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார். அவருக்கு எதற்கு இன்னொரு பெட்டி? நல்ல வேலைக்காரிக்குக் கிடைக்கிற தண்டனை இது. இதற்குப் புதுப்புது முகம் வேண்டும், அல்லது ஒரே ஆள் நூறு வாங்க வேண்டும். நூறு வாங்குகிறவர் யார்? கல்யாண வீட்டார்.

இது புதுச் செய்தி இல்லை. செட்டிநாட்டுக் கொட்டான் இன்றைக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. அது நகரத்தார் வீட்டுச் சடங்குகளிலும் சீர்வரிசையிலும் இடம்பிடித்த பொருள். பத்தமடைப் பாயும் அப்படித்தான். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிறார்கள். பெயர் நெய்ய வேண்டுமென்றால் முதலில் யாருக்குக் கல்யாணம் என்று தெரிய வேண்டும், ஆக விற்ற பிறகுதான் நெசவே தொடங்குகிறது. சரக்கு தேங்காது, கடன் வேண்டாம். திருச்செந்தூரில் சில்லுக்கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் வைத்து விற்ற காலத்தில் பெட்டியை யாரும் தனியாக விலை பேசவில்லை. கருப்பட்டி போகிற வேகத்தில் பெட்டியும் போனது. தீராத பொருளைத் தீர்கிற பொருளோடு கட்டிவிட்ட அந்த மூளை யாருடையதோ, கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

முதலில் சொன்ன விதிவிலக்கு இதுதான். தீராத பொருள் செய்கிறவர்கள் எப்போதாவது பெரிய கண்காட்சிக்குப் போகலாம். ஆனால் விற்பதற்குப் போகக் கூடாது, ஆர்டர் பிடிக்கப் போக வேண்டும். நானூறு பெட்டி வேண்டாம், நாற்பது மாதிரி போதும். தாம்பூலத்துக்கு, பழத்துக்கு, நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க என்று அளவுக்கு ஒன்று. விலைப்பட்டியல், எத்தனை நாளில் தருவோம், பாதி முன்பணம் என்று தெளிவாக எழுதிய ஒரு தாள். நாலு குழு சேர்ந்து ஒரே ஸ்டால் எடுத்தால் 12,000 வாடகை ஆளுக்கு 3,000 ஆகிவிடும். குழுவுக்கு ஒருவர் போனால் போதும். ஏற்பாட்டாளர்கள் சிலர் ஸ்டாலைப் பங்கு போட விடமாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, ஒரு சந்தை நல்ல சந்தையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வங்கியில் கடன் கேட்டு வருகிறவரின் விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் கடையைப் போய்ப் பார்ப்போம். இதுவும் அதேதான். முதல் தடவை சரக்கு இல்லாமல் போங்கள். உள்ளே சுற்றியது போதும் என்று ஆனதும் வெளிவாசலில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் நில்லுங்கள். வெளியே வருகிற நூறு பேரை எண்ணுங்கள், அதில் எத்தனை பேர் கையில் பை கனக்கிறது என்று பாருங்கள். பஞ்சுமிட்டாய், இலவசத் துண்டுப்பிரசுரம் கணக்கில் சேராது. உள்ளே எள் விழ இடமில்லாத கூட்டம் இருக்கும், வெளியே வருகிறவர்கள் கையில் ஐஸ்கிரீம் மட்டும் இருக்கும். அது பொழுதுபோக்குக் கூட்டம், நமக்கு வேண்டாம். நூறு பேர்தான் வருகிறார்கள், ஆனால் துணிப்பையை வீட்டிலிருந்தே மடித்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்றால் அந்தச் சந்தைக்கு அடுத்த மாதமே போங்கள்.

ஏற்கெனவே கடை போட்டவர்களிடம் விசாரிப்பது நல்லது. ஆனால் "வியாபாரம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "நல்லாத்தான் போச்சு" என்றுதான் யாரும் சொல்வார்கள், நம்ம ஊர் மானம் அப்படி. "அடுத்த தடவையும் போறீங்களா?" என்று கேளுங்கள். பதில் வர எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள், போதும்.

யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் அய்யா தொடங்கிய நெல் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் உழவர்கள். இரண்டு கிலோ மரபு நெல் விதை வாங்கிப் போய் அடுத்த வருசம் நாலு கிலோவாகத் திருப்பித் தருவதுதான் அங்கே வழக்கமாக இருந்தது. (நூறு சதவீத வட்டி! எந்த வங்கியும் கேட்கத் துணியாது. ஆனால் கொடுத்தவர்கள் சந்தோசமாகக் கொடுத்தார்கள்.) விதை தேடி வருகிற ஆளிடம் கொலுவுக்கான கொட்டானைக் காட்டி என்ன பயன்? ஆனால் விதை போட்டு வைக்கிற பெட்டி, சுளகு, கடகம் எடுத்துப் போனால் எடுத்துப் பார்ப்பார். மகளிர் திட்டத்தில் நடத்துகிற கல்லூரிச் சந்தையில் பிள்ளைகளிடம் 200 ரூபாய் இருக்காது, முப்பது ரூபாய்க்கு ஓலையில் ஒரு கிலுகிலுப்பையோ பேனாப் பெட்டியோ இருந்தால் போகும். அரசு மேளாக்களில் இடத்துக்கு வாடகை இல்லை என்றால் அது நல்லதுதான், புதிதாக ஆரம்பிக்கிற குழு விலையைச் சோதித்துப் பார்க்க அதுதான் இடம். இலவசம் என்பதற்காக அஞ்சு நாள் கூலியையும் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

தசரா, சூரசம்காரம் என்றால் எங்கள் பக்கம் குலசையிலும் திருச்செந்தூரிலும் கூட்டம் கடல் மாதிரி வரும். அங்கே போட்டால் என்ன என்று வருசாவருசம் ஒரு பேச்சு எழும். வேன் பிடித்து வந்தவர்கள், கையில் பிள்ளை, இடுப்பில் பை, சாமி பார்த்ததும் இடம்பிடித்து ஊர் திரும்பும் அவசரம். அதோடு ஐப்பசி மழை. கருப்பட்டி ஈரக்காற்றில் கசிய ஆரம்பித்தால் மூன்றாம் நாள் அதை யாரும் தொடமாட்டார்கள். பங்குனியிலிருந்து பதநீர் இறங்குகிற காலத்தில் புதுக் கருப்பட்டி வருகிறது. ஆடி ஆவணிக்குள் அதை ஆள்தேடிக் கொடுத்துவிடுவதும், மழைக்காலத்துக்குப் பரணில் காயவைத்த சரக்கைக் கொஞ்சமாக வைத்துக்கொள்வதும்தான் நல்லது. நவம்பர் கண்காட்சிக்கு நூறு கிலோ கருப்பட்டியோடு போகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, பொட்டலத்தில் எடை, அதிகபட்ச விலை, அடைத்த மாதம், முகவரி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது சோப்பு. குளிக்கிற சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது, செய்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். நலங்குமாவுக்கும் சீயக்காய்க்கும் என்ன விதி என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாதச் சந்தையில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்வது வாதம் ஆகாது.

இனி ஏற்பாட்டாளர் பக்கம் வருவோம். நான் எந்தச் சந்தையைப் பற்றியும் முதலில் கேட்கிற கேள்வி: நடத்துகிறவர் எதில் சம்பாதிக்கிறார்? ஸ்டால் வாடகையில் சம்பாதிக்கிறார் என்றால் நீங்கள்தான் அவருடைய வாடிக்கையாளர். ஸ்டால்கள் நிரம்பியதும் அவர் வேலை முடிந்துவிட்டது. பார்வையாளர் வந்தாலும் வராவிட்டாலும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் பணம் முதல் நாளே பெட்டிக்குப் போய்விட்டது. இடம் காலியாக இருந்தால் நிரப்புவதற்கு யாரையும் சேர்ப்பார். அதனால்தான் 'மரபுத் திருவிழா' என்று போட்ட இடத்தில் பிளாஸ்டிக் பொம்மையும், மசாஜ் நாற்காலியும், சந்தைக் கருப்பட்டியை மொத்தமாக வாங்கி 'இயற்கை' என்று பலகை மாட்டி விற்கிறவரும் நம் பக்கத்தில் உட்கார்கிறார்கள். அவருடைய விலை நம்முடையதில் பாதி. வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் இன்னும் இருபது சதவீதம் தள்ளுபடி கொடுப்பார், நாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

விற்றதில் ஒரு பங்கு என்று வாங்குகிற ஏற்பாட்டாளருக்கு நம் பொருள் விற்றால்தான் வருமானம். அவர் விளம்பரம் செய்வார், போலியை உள்ளே விடமாட்டார், நிழல் போடுவார், தண்ணீர் வைப்பார். இப்படி நடத்துகிறவர்கள் குறைவு. ஆனால் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

நம் இயக்கங்களின் சந்தைகள் எந்தப் பக்கம்? மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் பேசுவோம். மண்டபம் வாடகை, பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு என்று செலவு ஏறுகிறது. அதை ஈடுகட்ட ஸ்டால் வாடகையை ஏற்றுகிறோம். ஏற்றியதும் சின்னவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள், அந்த இடத்துக்கு இயந்திரக் கம்பெனியும் வாங்கி விற்கிறவரும் வருகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கணக்கு தானாக அந்தப் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான்.

1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உழவருக்குக் கடை வாடகை இல்லை, கமிசன் இல்லை, தராசு அவர்களே கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று கேட்டார்கள்: நீ உண்மையான உழவன்தானா? நிலத்தைப் பார்த்து, படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். குறைகள் ஆயிரம் சொல்லலாம், சில ஊர்களில் அட்டை யார் கைக்குப் போனது என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் செய்கிறவனுக்கு மட்டும்தான் இடம், இடத்துக்குக் காசில்லை என்ற அந்த இரண்டு விதியும் சரியான விதிகள். அரசாங்கம் கத்தரிக்காய்க்குச் செய்ததை நாம் கருப்பட்டிக்கும் கொட்டானுக்கும் செய்ய முடியாதா?

செலவுக்கு என்ன வழி என்று பொறுப்பாளர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். என் யோசனை, முன்பணம் வேண்டாம், சாயங்காலம் விற்றதில் ஐந்து சதவீதம். பொய்க் கணக்குச் சொல்வார்களே என்றால் சொல்லட்டும். சிலர் சொல்வார்கள். வாராக்கடனையே பார்த்தவன் நான், இது அவ்வளவு பெரிய தொகை இல்லை. செலவைக் குறைக்கவும் இடம் இருக்கிறது. மண்டபத்துக்குப் பதில் பள்ளிக்கூட மரநிழல். மேடை வேண்டுமா என்றும் யோசிக்க வேண்டும். நம்ம விழாக்களில் நான் கண்ணால் பார்ப்பது இது: பத்து மணிக்குப் பேச்சு ஆரம்பிக்கும், அத்தனை பேரும் பந்தலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள், கடைப்பக்கம் ஈ ஆடாது. ஒன்றரை மணிக்குப் பேச்சு முடியும், சாப்பாட்டு வரிசை, அதோடு பேருந்துக்கு நேரமாகிவிடும். நாள் முழுக்க ஓலைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போகிறபோது ஒரு வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். பேச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, பேசினவர்களும் ஆளுக்கொரு பையோடு கடைகளைச் சுற்றட்டும்.

கடை போட விரும்புகிறவர் வீட்டுக்கு, பக்கத்து ஊர் உறுப்பினர் இரண்டு பேர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பங்கேற்பு முறைச் சான்றிதழுக்கு ஒருவர் நிலத்தை ஒருவர் பார்ப்பது நமக்குப் பழக்கம்தானே. அதே மாதிரி காய்ச்சுகிற அடுப்பையும் செக்கையும் பார்க்கலாம். பார்த்தவர்கள் பெயரைக் கடையிலேயே எழுதி மாட்டலாம். வாங்குகிறவருக்கு அதைவிடப் பெரிய முத்திரை வேண்டாம்.

இதையெல்லாம் எழுதி எங்கள் மாவட்டப் பொறுப்பாளருக்குக் கொடுத்திருக்கிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பேருந்து நிலையத்திலிருந்து பெட்டியைத் தலையில் வைத்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி வளாகம், இருபது கடைக்கு மேல் வேண்டாம், ஒரே பொருளுக்கு மூன்று கடைக்கு மேல் வேண்டாம். ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டுக் கணக்கை எல்லோர் முன்னாலும் வாசிப்போம் என்று கேட்டிருக்கிறேன். ஓலைப்பெட்டிக் குழு முதல் கடைக்குப் பெயர் கொடுத்துவிட்டது. எண்ணெய்க்கும் அவலுக்கும் ஆள் வேண்டும்.